வடக்கு அறைக்குப் போகும் காற்று

எங்கள் குடும்பம் அப்போது நம்பியது இதுதான்: வடக்குப் பக்கத்து அறைக்குப் போகும் காற்றுக் குழாய், தரைக்குக் கீழே யாருடைய கைக்கும் எட்டாத ஓரிடத்தில் வெடித்திருக்கிறது. என் கணவர் அதை நம்பினார். விருந்துக்கு வந்துபோகிறவர்கள் நம்பினார்கள். கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்கூட, "உங்கடை வெடிச்ச பைப் இப்ப என்ன மாதிரி?" என்று ஒரு நோயாளியின் நிலையை விசாரிக்கும் குரலில் விசாரிப்பார்கள். நானும் நம்பினேன். அது நானும் கணவரும் படுக்கும் அறை என்பதால் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே நம்பினேன்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அந்தக் குழாயைப் பழுதுபார்க்கக் கீழே இறங்கியவர் என் கணவரின் அக்கா. எனக்கு மச்சாள். அவருடைய பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் அழைத்ததில்லை. முறைசொல் ஒன்றே எங்கள் இருவருக்கும் போதுமாக இருந்தது. இங்கேயும் அது போதும்.

டென்மார்க்கில் பெரும்பாலான வீடுகள் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களால் சூடேறுபவை. கிரின்ஸ்டெட்டில் மச்சாளும் என் கணவரும் சேர்ந்து வாங்கியிருந்த மஞ்சள் செங்கல் வீடு அப்படிப்பட்டதல்ல. உடுப்புத் தோய்க்கும் அறையின் மூலையில் ஓர் இயந்திரம் நின்றது. அது காற்றைச் சூடாக்கி, தரைக்குக் கீழே கிளைகிளையாக ஓடும் தகரக் குழாய்களுக்குள் ஊதும். ஒவ்வோர் அறையிலும் யன்னலுக்குக் கீழே நிலத்தோடு பதித்த ஓர் இரும்புச் சல்லடை வழியாக அந்தக் காற்று மேலே வரும். எல்லோரும் கூடி உட்காரும் ஹோலின் சுவரில் இருந்த பெரிய வாய் ஒன்று பழைய காற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே ஹோலிலோ சமையலறையிலோ எழுந்த மணம் எதுவானாலும் சற்று நேரத்தில் வீடு முழுவதற்கும் பொதுவாகிவிடும். எங்கள் வீட்டில் தாளிப்பதற்கு முன் கடுகு எடுத்தோமோ இல்லையோ, "மெசினை நிப்பாட்டுங்கோ!" என்று யாராவது ஒருவர் கத்துவது வழக்கம். குளிர்கால மேலங்கிகளில் வெங்காய மணத்தோடு வேலைக்குப் போன முதல் வருடத்தில் அக்காவும் தம்பியும் பழகிக்கொண்ட ஒழுங்கு அது.

தரைக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் தவழ்ந்து போகுமளவு வெளி இருந்தது. அதை நாங்கள் 'கீழை' என்று மட்டும் சொல்வோம். அங்கே போய்வரக்கூடிய உடம்பு மச்சாளுக்கு மட்டும்தான் இருந்தது. சிறிய, எலும்பும் நரம்புமான உடம்பு. போய்வரக்கூடிய அறிவும் அவருக்கே இருந்தது. காற்றுக் குழாய்கள் செய்யும் ஒரு தகரத் தொழிற்சாலையில் அவர் வேலை செய்தார். அந்தத் தொழிலைப் பற்றி அவருக்கு அடக்கம் என்பது கிடையாது. கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும் வேளையில் தலையை அண்ணாந்து, "உந்தப் பைப்பை ஆரோ விசரன் பூட்டியிருக்கிறான், சத்தத்தைக் கேள்" என்று என் காதுக்குள் சொல்லக்கூடியவர்.

ஸ்கீவ என்ற ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதே மாதிரி ஒரு வீட்டை வாங்கியபோது, வந்து பார்க்கும்படி அவரை அழைத்தார்கள். வீட்டுக்காரர் தானே எல்லா மூட்டுகளையும் சாம்பல் நிறத் துணி டேப்பால் சுற்றிவைத்திருந்தார். மச்சாள் ஒரு நுனியை நகத்தால் தட்டினார். டேப் காய்ந்த வாழைச் சருகுபோலக் கழன்று விழுந்தது.

"ஆற்றை வேலை இது?"

"நான்தான் அக்கா. வடிவாத்தானே சுத்தினனான்?"

"வடிவா இருக்கு. தீபாவளிக்குப் பரிசு குடுக்கலாம். இப்ப நீங்களே உள்ளை போய் எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு நான் இறங்கிறன்."

அந்த மனிதர் வேட்டி மாற்றிக்கொண்டு இறங்கினார். மச்சாள் தரையில் கீழே இறங்கும் திறப்பு வாயருகே கதிரை போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தார். அவர் வேலை செய்யும் விதம் வேறு. முதலில் தகரத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். பிறகு மூட்டைச் சுற்றி வலைத்துணி வைப்பார். அதன்மேல் தோசை மாவிலும் சற்று இறுக்கமான சாம்பல் நிறப் பசையைத் தூரிகையால் தடவி, கடைசியில் தன் விரலால் ஒருமுறை வழிப்பார். ஆணி போன இடத்துத் துளையைக்கூட விடமாட்டார். எல்லாம் காய்ந்தபின் இயந்திரத்தை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியை மூட்டு மூட்டாகக் கொண்டுபோவார். புகை நேராக எழுந்தால் அந்த மூட்டு தேறியது. சற்று நெளிந்தாலும் மறுபடி பசை.

தனக்குரியது எதுவும் கைநழுவிப் போவதை அவரால் தாங்க முடியாது. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. சோறு வெந்த பானையை மூடாமல் வைத்தால் எழுந்து வந்து மூடுவார். யன்னலை நான் காற்றுக்காகத் திறந்தால், என் முதுகுக்குப் பின்னால் அது சாத்தப்படும் ஓசை கேட்கும். கணவர் கடைக்குப் போனால், கார் திரும்பும்வரை யன்னலோரத்தில் நிற்பார். போரின்போது தம்பியைத் தனக்கு முன்னே அனுப்பிவிட்டு, பிறகு அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரியாமல் நெடுங்காலம் தேடியவர் அவர் என்பதைக் கணவர் எனக்குச் சொல்லியிருந்தார். சொன்ன விதத்தில், அது நான் எந்நாளும் எதிர்த்துப் பேசமுடியாத ஒரு விடயம் என்பதும் அடங்கியிருந்தது.

நான் திருமணமாகி அந்த வீட்டுக்கு வந்தது ஒரு மாரிக் குளிரின் தொடக்கத்தில். கொண்டுவந்த பெட்டியில் பாதி புத்தகங்கள். எனக்குத் தனிமையும் ஒரு விளக்கும் இருந்தால் போதும். வடக்கு அறையில் அவை இரண்டும் இருந்தன. சூடுதான் இருக்கவில்லை. முதல் சில வாரங்கள் கதகதப்பாக இருந்த அறை, திடீரென்று ஒரு நாள் கல்லறைபோல ஆகிவிட்டது. சல்லடையில் கைவைத்தால் ஒன்றும் வராது.

"தகடு திறந்துதானே கிடக்கு அக்கா?" என்று கணவர் அன்றே கேட்டார். ஒவ்வொரு கிளைக் குழாயிலும் காற்றை விடவும் தடுக்கவும் ஒரு தகடும், வெளியே அதைத் திருப்பும் கைபிடியும் உண்டு.

"திறந்துதான் கிடக்கு. கீழை எங்கையோ வெடிச்சுப்போச்சு. நான் பாக்கிறன்."

அதன்பின் யாரும் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு நான் பக்கங்களைப் புரட்டினேன். பிறகு அதுவும் முடியாமல், புத்தகத்தையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வரத் தொடங்கினேன். கணவர் அதற்கு முன்பே அங்கே இருப்பார். அக்காவும் தம்பியும் சோபாவின் இரு முனைகளில் கால்நீட்டி அமர்ந்து, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் யாரோ ஒருவருடைய மாடு யாரோ ஒருவருடைய வேலியைப் பிரித்த கதைக்கு இருவரும் கண்ணில் நீர்வரச் சிரிப்பார்கள். நான் என்ன மாடு என்று கேட்டால் கணவர் விளங்கப்படுத்துவார். விளங்கப்படுத்திய மாட்டுக்குச் சிரிக்க முடியாது. என்னோடு தனியே இருக்கையில் அவர் நல்லவர், கவனமானவர், ஓரிரு வாக்கியங்களில் பேசுபவர். அக்காவோடு இருக்கும்போது அவர் முழு மனிதர். அந்த முழுமையை எனக்கு எதிரே இருந்த கதிரையிலிருந்து, கையில் விரித்த புத்தகத்துக்கு மேலாக, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்பது நெருப்பு என்று எழுதியவர்கள் அதைப் போர்வைக்குள் இருந்து அறிந்தவர்கள் அல்ல. எனக்கு அது குளிராகத்தான் இருந்தது.

ஒருமுறை நான் சொன்னேன்: "ஒரு டெனிஷ் வேலையாளைக் கூப்பிட்டுக் காட்டினால் என்ன?"

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். "என்ரை பைப்புக்குள்ளை வேறை ஆக்கள் கை வைக்கிறதோ?"

"அக்காவுக்குத் தெரியாததே அவங்களுக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர். அத்துடன் அது முடிந்தது.

நான் கர்ப்பமானபோது நிலைமை மாறியது. அந்த அறையில் ஒரு குழந்தையைக் கிடத்த முடியாது என்று பார்க்க வந்த மருத்துவிச்சி சொன்னாள். வீட்டில் இருந்த மற்ற அறை மச்சாளுடையது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, தரவும் அவருக்கு மனம் வரவில்லை. எஸ்பியர்க்கில் இருந்த கணவரின் நண்பர், நாங்கள் அண்ணை என்று அழைப்பவர், தன் தெருவிலேயே வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது என்றார். ரேடியேட்டர் வீடு. துறைமுக நகரத்தில் வேலைகளும் அதிகம். கணவர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். அந்தச் சம்மதத்தை நான் என் வயிற்றிலிருந்த பிள்ளையைப் போலவே பாதுகாத்தேன். எஸ்பியர்க்கில் சோபாவின் மறுமுனை எனக்குரியதாக இருக்கும்.

மச்சாள் எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "போறதுக்கு முதல் இன்னொருக்கால் இறங்கிப் பாக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் இறங்கிய அந்தச் சனிக்கிழமை, மேற்கிலிருந்து மழையும் காற்றும் சேர்ந்து வீட்டை அடித்துக்கொண்டிருந்தன. எஸ்பியர்க் அண்ணையும் மனைவியும் வந்திருந்தார்கள். வீட்டு விடயம் பேசவும், இரு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வருடத்துக்கான மிளகாய்த் தூளுக்கு வறுக்கவும் வந்தவர்கள். வழக்கமாகக் கார் நிற்கும் கூரையின் கீழே, வெளியில்தான் மிளகாய் வறுப்போம். அன்று அந்தக் காற்றில் அங்கே அடுப்பு எரியவில்லை.

"இண்டைக்கு விட்டால் பிறகு எப்ப? உள்ளுக்கையே வறுப்பம்" என்றார் அண்ணையின் மனைவி.

"இல்லை, எங்கடை வீடு வேறை மாதிரி..." என்று நான் தொடங்கினேன்.

"அடுப்புக்கு மேலை புகை இழுக்கிற ஹூட் இருக்குத்தானே? நீர் வயித்துப்பிள்ளைக்காரி, போய்க் கதிரையிலை இரும்."

இயந்திரத்தை நிறுத்தலாம் என்றால், மச்சாள் கீழே ஊதுபத்தியோடு இருந்தார். தான் ஏறி வரும்வரை அதை நிறுத்தக்கூடாது என்று இறங்கும்போதே கட்டளையிட்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் செத்தல் மிளகாய் சட்டியில் விழுந்துவிட்டது.

அதன்பின் நடந்ததை ரேடியேட்டர் வீட்டில் வாழ்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். மிளகாயின் காரம் ஹோலின் பெரிய வாய்க்குள் போனது. இயந்திரம் அதை அன்போடு சூடாக்கி, அறை அறையாகப் பரிமாறியது. ஹோலில் இருந்த கணவர் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தார். குளியலறையிலிருந்து அண்ணை கழுத்தில் துவாயோடு ஓடிவந்தார். வறுத்தவர் சட்டியை மழைக்குள் வைத்துவிட்டு எங்களை இடித்துக்கொண்டு வந்தார். மச்சாளின் அறையைத் திறந்தோம், அங்கும் அதே. வாசல் கதவைத் திறந்தோம், மழை முகத்தில் அறைந்தது. கடைசியாக வடக்கு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினோம். அங்கே காற்று சுத்தமாக, குளிர்ந்து, ஒன்றுமறியாததுபோல இருந்தது. எல்லோரும் என் கட்டிலைச் சுற்றி நின்று மூச்சு வாங்கினோம்.

"இவ்வளவு நாளும் இந்த அறையைத்தானே குறை சொன்னனீங்கள்?" என்றார் அண்ணை மூக்கைச் சிந்திக்கொண்டு. "இண்டைக்கு எங்களை உயிரோடை வைச்சிருக்கிறது இதுதான்."

"வெடிச்ச பைப்புக்கு ஒரு மாலை போடுங்கோ" என்று அவருடைய மனைவி சொல்ல, அந்தத் தும்மலுக்கு நடுவிலும் எல்லோரும் சிரித்தோம். கணவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இஞ்சை வரவேண்டிய மிளகாய் முழுக்க இப்ப கீழைதான் போகுது" என்றவர், அந்த வாக்கியத்தின் முடிவில் சட்டென்று நின்றார்.

"ஐயோ! அக்கா கீழை!"

அவர் கதவைத் திறந்துகொண்டு காரத்துக்குள் ஓடினார். உடுப்புத் தோய்க்கும் அறையின் தரையிலிருந்த திறப்பு வாயில் முழங்காலில் விழுந்து, "அக்கா! அக்கா!" என்று கத்தினார். அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து நான் முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. முகத்தில் சேலைத் தலைப்பை அழுத்தியபடி நான் வாசலில் நின்றேன். என் பெயரை இவர் இப்படிக் கூப்பிட, எனக்கு என்ன நேரவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஓர் ஆள் மூச்சுத்திணறிக் கிடக்கலாம் என்ற வேளையில் நான் நினைத்தது அதைத்தான்.

இருட்டுக்குள்ளிருந்து தலைவிளக்கின் வெளிச்சம் ஆறுதலாக வந்தது.

"ஏன்டா கத்துறாய்? வீடு எரியுதோ?"

மச்சாள் சாவகாசமாக ஏறி வந்தார். தரைக்கு மேலே தலை வந்தபிறகுதான் அவருக்கு முதல் தும்மல் வந்தது. பிறகு எங்களைப் போலவே இருமத் தொடங்கினார். கணவர் தன் சட்டைக் கையால் அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். மச்சாள் கழற்றிப் போட்ட வேலையங்கியைக் கொழுவியில் மாட்டுவதற்காக எடுத்தேன். அதில் ஈரமண் மணத்தது. பசை மணத்தது. கொஞ்சம் ஊதுபத்தி மணத்தது.

மிளகாய் மணக்கவில்லை.

எங்கள் எல்லோருடைய உடுப்பையும் பிறகு பலமுறை தோய்க்கவேண்டியிருந்தது. அவருடைய அங்கி மட்டும் அப்படியே இருந்தது. குழாய் உடைந்து வடக்கு அறையின் காற்று கீழே கொட்டியிருந்தால், அந்தத் தாழ்ந்த இடம் மிளகாய்ப் புகையால் நிறைந்திருக்கவேண்டும். அங்கே ஒரு துளியும் கசியவில்லை. கசியாதபடி அத்தனை மூட்டையும் பழுதில்லாமல் அடைத்து வைத்திருந்தவர் அவரே. அப்படியானால் காற்று எங்கும் சிந்தவில்லை. யாரோ அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

விருந்தாளிகள் போனபின், மறுநாள் முற்பகலில், கணவர் ஞாயிறு முறை வேலைக்குப் போயிருந்த நேரம், மச்சாள் தொட்டியருகே நின்று தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மச்சாள், நேற்றுக் கீழை மிளகாய் மணக்கேல்லையோ?"

தூரிகையின் மயிரை விரித்து விரித்துக் கழுவினார். "இல்லை."

"ஏன் மணக்கேல்லை?"

தண்ணீரை நிறுத்தினார். பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பொய்யை உடைப்பதற்கான வாக்கியங்களையும் வரிசையாக வைத்திருந்தேன்.

"அந்தத் தகட்டை நான்தான் பூட்டினனான்" என்றார்.

"எப்ப?"

"நீ வந்த அந்த மாரியிலை. சாப்பிட்டவுடனை அவன் எழும்பி அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போடுவான். நான் ஹோலிலை தனிய இருப்பன். அறை குளிர்ந்தால் வெளியிலை வருவான் எண்டு நினைச்சன்."

"வந்தார்தானே."

"வந்தான்." தூரிகையை உதறினார். "போர்வையைத் தூக்கிக்கொண்டு பின்னாலை நீயும் வந்தாய். அதை நான் யோசிக்கேல்லை."

சிரிப்பு வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

"அவனுக்குச் சொல்லப்போறியோ?"

சொல்லியிருந்தால் நான் வென்றிருப்பேன். எஸ்பியர்க் நிச்சயமாகியிருக்கும். என் கணவர் அக்காவை மன்னித்திருப்பார், அந்த மன்னிப்பில் ஏதோ ஒன்று என்றைக்குமாக முறிந்தும் போயிருக்கும். ஆனால் அந்தத் தொட்டியருகே என்னைத் தடுத்தது இரக்கமல்ல. ஒருவரைத் தன் அருகில் வைத்துக்கொள்வதற்காக மண்ணுக்குள் தவழ்ந்துபோய் ஒரு கைபிடியைத் திருப்பிவிட்டு வரும் அளவுக்கு என்னை யாராவது வேண்டியிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். தேடிப் பார்த்தும் ஒருவரும் கிடைக்கவில்லை. அவருடைய களவின்மீதுகூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நீங்கள் போய்த் திறவுங்கோ" என்றேன். "நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அன்று பின்னேரம் கணவர் வந்தபோது சல்லடையிலிருந்து சூடு பொங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து இரு கைகளையும் அதன்மேல் வைத்தார். "எங்கை அக்கா உடைஞ்சிருந்தது?"

"கடைசி வளைவிலை. அடைச்சிட்டன்."

"பாத்தீரே அக்கான்ரை கையை!" என்று அவர் என்னிடம் திரும்பிச் சொன்னார். அவர் முகம் அப்படி ஒளிர்ந்தது. "இனி ஏன் எஸ்பியர்க்?"

அவர் உடனே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, வீடு வேண்டாம் என்றார். தான் மூடிய அறையைத் தானே திறந்ததற்காக மச்சாள் அன்று வீட்டில் கொண்டாடப்பட்டார். நான் கோழிக்கறி சமைத்தேன். சாப்பிடும்போது என் தட்டில் ஈரல் துண்டுகள் அதிகமாக இருந்தன. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

மகள் பிறந்தாள். அந்த அறையில்தான் வளர்ந்தாள். நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மச்சாள் தொழிற்சாலையில் அதிகாலை முறைக்கு மாறி, மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் வீட்டில் இருக்கத் தொடங்கினார். நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது, இருவரும் ஹோல் சல்லடைக்கு மேல் குந்தியிருப்பார்கள். மகளின் பாவாடை காற்றில் பந்துபோல உப்பி நிற்கும். "மாமி, தள்ளி இருங்கோ, காத்தெல்லாம் நீங்களே எடுக்கிறீங்கள்" என்பாள். அப்படி ஒரு தமிழ். நான் எதைத் தமிழில் கேட்டாலும் எனக்கு டெனிஷில் பதில் சொல்லும் அதே பிள்ளை. நான் வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகங்கள் அலுமாரியில் புதிதாகவே இருந்தன. வேலியைப் பிரித்த மாட்டின் கதையை அவள் ஏழெட்டு விதமாகச் சொல்வாள். மாட்டுக்கு என்ன நிறம் என்பதில் அவளுக்கும் தகப்பனுக்கும் சண்டை வரும். தீர்ப்புக்கு மச்சாளிடம்தான் போவார்கள்.

இதையெல்லாம் நான் அமைதியாக ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அது உண்மையாகாது. பெற்றோர் சந்திப்புக்கு யார் வரவேண்டும் என்று வகுப்பில் ஒருமுறை கேட்டபோது மகள் மாமியின் பெயரைச் சொன்னாள். அன்று நான் துவாய்களை மடித்து, கலைத்து, மறுபடி மடித்தேன். மச்சாள் அதைக் கண்டார். அந்தச் சந்திப்பு நாளில் தனக்கு முதுகுவலி என்று படுத்துக்கொண்டார். அவருக்கு ஒருநாளும் முதுகுவலி வந்ததில்லை.

மகள் பதின்ம வயதுக்கு வந்தபின் எல்லாருக்கும் கதவைச் சாத்தினாள். மாமிக்கும்தான். சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போவாள், தட்டு மட்டும் வெளியே வரும். ஹோலில் நாங்கள் மூன்று பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்போம். மாட்டுக் கதைக்கு இப்போது நானும் சரியான இடத்தில் சிரிப்பேன். ஆனாலும் ஒவ்வொருவரும் அந்தச் சாத்திய கதவின் பக்கம் ஒரு காதை வைத்திருந்தோம்.

ஓர் இலையுதிர் காலத்தில் மச்சாள் வழமைபோல வேலையங்கியை மாட்டிக்கொண்டு, முழங்கால் பட்டியைக் கட்டினார். வயது அவரைச் சுருக்கியிருந்தது, குனிவதற்கு நேரம் எடுத்தது. நான் அவருடைய பசை வாளியை எடுத்துக் கொடுத்தேன். கணவர் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

"மச்சாள், ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"அந்த அறையின்ரை தகட்டைக் கொஞ்சம் பூட்டிவிடுங்கோவன். முழுக்க இல்லை. கொஞ்சம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ காலத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் திறப்பு வாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தம்பியோடு சிரிக்கும் அதே சிரிப்பு, கண்ணில் நீர்வர. அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்தது அப்போதுதான்.

"பூட்டேலாது பிள்ளை."

"ஏன்?"

"அந்தக் கைபிடியைச் சுத்திப் பசை வைச்சு இறுக்கிப்போட்டன். இனி ஆர் திருப்பினாலும் திரும்பாது."

"எப்ப?"

"நீ வந்து கேட்ட அண்டைக்கு. எனக்கு என்னிலை நம்பிக்கை இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூட்ட ஏலுமெண்டாலும் நான் செய்யமாட்டன். குளிர்ந்தால் அவள் ஹோலுக்கு வாறதெண்டு நினைக்கிறியோ? கோப்பன்ஹேகனுக்குத்தான் போவாள். நீ எஸ்பியர்க்குக்கு வெளிக்கிட்டனீ எல்லே."

தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். நான் அங்கேயே நின்றேன். சற்று நேரத்தில் தரைக்குக் கீழே, என் காலுக்கு நேரே, அவர் தகரத்தைத் தட்டித் தட்டி நகர்வது கேட்டது.

அறை சூடாகவே இருந்தது. ஆனாலும் மகள் படிப்பு முடிந்ததும் கோப்பன்ஹேகனுக்குத்தான் போனாள். அவள் போன காரை யன்னலோரத்தில் நின்று பார்த்த இரண்டு பெண்களில் யார் முதலில் திரும்பினோம் என்று எனக்கு நினைவில்லை.

மச்சாள் ஒரு வசந்த காலத்தில் இறந்தார். நோய் நீண்டதாகவும் இருக்கவில்லை, குறுகியதாகவும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கேட்டது தம்பி சாப்பிட்டானா என்று. கேட்டது என்னிடம். ஓம் என்றேன். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். சொன்னேன். திருப்தியாகத் தலையை அசைத்தார். அதற்குமேல் அவர் என்னிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்க வேண்டியதை அந்தக் கேள்வியிலேயே ஒப்படைத்துவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

மகள் ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பாள். இப்போதெல்லாம் என்னோடும் தமிழில்தான் பேசுகிறாள், மாமியின் இழுவையோடு. கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் ஆட்கள் இந்த வீட்டை இன்னும் 'அக்கா வீடு' என்றுதான் சொல்கிறார்கள். அப்போதும் சுருக்கென்று இருக்கும். அது முற்றாகப் போய்விடவேண்டும் என்று நான் விரும்பவில்லை.

கணவர் மாலைகளில் சோபாவில் தன் முனையில் அமர்கிறார். மறுமுனை என்னுடையது. அவர் ஓரிரு வாக்கியங்கள் பேசுகிறார், நான் கேட்கிறேன். பிறகு நான் வாசிக்கிறேன். மகள் கோப்பன்ஹேகனில் இருக்கிறாள். இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம், மச்சாளுடைய தம்பியும் நானும்.